சேற்றுப்புண், நகப்பூஞ்சை: எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடக் கூடாது

பர்மாவில், மோல்மீன் ஊரில் மருந்துக்கடை கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற எனக்கு, வைகாசி பிறந்தால் முதலில் கண்ணில் படுவது கால்கள்தான். வயலில் நாற்று நடுகிறவர்கள், டீக்கடையில் பாத்திரம் கழுவுகிற பிள்ளைகள், மீன் சந்தையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற பெண்கள் என்று எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "நல்ல களிம்பா ஒண்ணு குடுங்க." ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு எல்லாமே ஓரளவு நல்ல களிம்புதான். வரிசை தவறுவதால்தான் புண் ஆறாமல் இழுக்கிறது. துடைக்காத காலில் களிம்பு போடுகிறார்கள், அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்துகிறார்கள், பழைய செருப்பையே மறுபடி மாட்டுகிறார்கள், பாதத்தை விட்டுவிட்டு நகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறார்கள். கீழே உள்ளதை எழுதியிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. யார் தாமாகத் தொடங்கக் கூடாது

சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறையும். விரலிடுக்கில் விழுந்த சின்ன வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து கால் வீங்கிச் சீழ் வைக்கும் வரை வலியே தெரியாமல் போகலாம்.

கால் சிவந்து, சூடாக, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது பூஞ்சையோடு நிற்கவில்லை. பாக்டீரியா தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை பக்கமே போக வேண்டாம்.

2. பூஞ்சைதானா என்று பாருங்கள்

வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே விரித்துப் பாருங்கள். பூஞ்சை பெரும்பாலும் முதலில் பிடிப்பது இந்த இடுக்கைத்தான். நெருங்கி ஒட்டியிருக்கிற விரல்கள் என்பதால் காற்றுப் படாது. தோல் ஊறி வெளுத்து, உரிந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால், அரிப்பும் இருந்தால், அதுதான் நாம் சேற்றுப்புண் என்று சொல்வது.

இன்னொரு வகையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உள்ளங்காலும் குதிகாலும் ஓரங்களும் காய்ந்து, மாவு தூவினாற்போல் மெல்லிய செதில் படிந்திருக்கும். அரிப்பு அதிகம் இருக்காது. பித்தவெடிப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் வாஸ்லின் தடவுவார்கள். இரண்டு பாதத்தோடு ஒரு கையின் உள்ளங்கையும் இதே மாதிரி செதிலாக இருந்தால் பூஞ்சை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். காலைச் சொறிகிற கை அது. மூன்றாவது வகையில் உள்ளங்கால் வளைவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் எழும்பும்.

பூஞ்சை அல்லாதவையும் உண்டு. உள்ளங்காலில் ஊசியால் குத்தினாற்போல் சின்னப் பள்ளங்களும் கடுமையான நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா. பூஞ்சைக் களிம்பு எல்லாம் அதற்குச் சரிப்படாது. சின்னப் பிள்ளைகளின் பாதம் பளபளவென்று காய்ந்து வெடித்திருந்தால் பெரும்பாலும் கரப்பான் வகை. வெளிறிய தேமல் போல ஒரு படை, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் களிம்பு போட்டு நாள் கடத்தாதீர்கள். தொழுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரையால் முழுதாகக் குணமாகிற நோய் அது, தாமதித்தால்தான் விரல்கள் போகும்.

நகத்தில் பூஞ்சை என்றால் நுனியிலோ பக்கத்திலோ மஞ்சள் அல்லது வெள்ளை நிறம் ஏறி, நகம் தடித்து, உதிர்ந்து, அடியில் பொடி சேரும். ஆனால் தடித்த நகம் எல்லாம் பூஞ்சை இல்லை. கெட்டுத் தெரிகிற நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மீதி சோரியாசிஸ், அடிபட்ட நகம், இறுக்கமான பூட்ஸ் இடித்த நகம். பச்சையாக இருந்தால் பாக்டீரியா. நகத்தின் அடியிலிருந்து நுனி வரை ஒரே ஒரு கருங்கோடு புதிதாக ஓடினால், அதிலும் அது அகலமாகிக்கொண்டே போனால், உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் அப்படியும் தலைகாட்டும்.

3. ஏன் வருகிறது

தோலிலும் நகத்திலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிற பூஞ்சைகள் இருக்கின்றன. பாதத்தில் அதிகம் காண்பது ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம். இதற்கு வேண்டியது வெதுவெதுப்பு, ஈரம், உதிர்கிற தோல். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை நம் ஊரில் மூன்றும் இலவசம். ரங்கூனிலேயே வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மோல்மீன் அதையும் மிஞ்சும்.

சேறு இந்தக் கிருமியை உண்டாக்குவதில்லை. தோலை ஊற வைத்து அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒருவர் காலிலிருந்து உதிர்ந்த செதில் ஈரத் தரை, கால்மிதி, துண்டு, கடன் வாங்கிய செருப்பு வழியாக இன்னொருவர் காலுக்குப் போகிறது. அதனால்தான் வயல் பக்கமே போகாத கடைக்காரருக்கும் வருகிறது.

4. தொடங்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை

காலுக்கென்று தனியாக இரண்டு சின்னத் துண்டுகள். மழையில் ஒன்று காயாது என்பதால் இரண்டு. அவரவருக்குத் தனி நகவெட்டி, கூடவே ஓர் அரம். டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு, கிடைக்காவிட்டால் க்ளோட்ரிமசோல் 1 சதவீதம். பூஞ்சைக்கான பவுடர். மாற்றிப் போட இன்னொரு ஜோடி செருப்பு. இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். நான் களிம்பைவிட இதைத்தான் வற்புறுத்துவேன்.

களிம்பு வாங்கும்போது பெட்டியைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை ஸ்டீராய்டு. போட்ட இரண்டே நாளில் அரிப்பு பறந்துவிடும், அதனால்தான் அவ்வளவு விற்கிறது. சிவப்பும் அரிப்பும் அடங்குவதால் ஆறிவிட்டது போலத் தெரியும்; உள்ளே பூஞ்சை தங்கு தடையில்லாமல் பரவும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து உருவமே மாறி, தோல் டாக்டருக்கும் அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும். மூன்று நாலு மருந்து கலந்த களிம்பு ஒன்றுக்கு நாலாக வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம்.

5. கழுவுவது, அதைவிடத் துடைப்பது

சாதா சோப்பு போதும். வயலிலிருந்தோ கடையிலிருந்தோ வந்ததும் கழுவுங்கள். சுடுநீர் வேண்டாம், அது தோலை இன்னும் ஊற வைக்கும். டெட்டாலை நீர் விடாமல் ஊற்றுவதும் வேண்டாம், ஊறிய தோல் பொத்துப்போகும்.

துடைப்பதைத்தான் ஒருமுறை செய்து காட்டினால் ஒழிய யாரும் சரியாகச் செய்வதில்லை. பாதத்தின் மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்படிச் செய்யுங்கள்: உட்கார்ந்து, காலைத் தொடை மேல் போட்டு, துண்டின் முனையை இரண்டு விரலிடுக்குக்குள் விட்டு அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு இடுக்குக்கும் துண்டின் காய்ந்த பகுதி. பிறகு விரலை விரித்துக் காற்றில் ஐந்து நிமிஷம் விடுங்கள். கையால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது.

விரல்கள் ஒட்டியே இருக்கிறவர்கள் இரவில் இடுக்கில் மெல்லிய காஸ் துணியைத் திரியாக வைத்துத் தூங்கலாம். நீர் கசிகிற புண்ணாக இருந்தால் முதல் சில நாட்களுக்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிறிய ரோஸ் நிறம் வருமளவு மட்டும் தண்ணீரில் கரைத்து, பத்து பதினைந்து நிமிஷம் காலை வைத்து எடுத்துத் துடைக்கலாம். பரல் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தோலைச் சுட்டுவிடும். நகம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம், போய்விடும். கசிவு நின்றதும் இதை நிறுத்திவிட்டுக் களிம்புக்கு வாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: கால் துடைத்த துண்டாலோ கைலி நுனியாலோ இடுப்பைத் துடைக்காதீர்கள். தொடையிடுக்கில் வருகிற படர்தாமரை பலருக்கும் பாதத்திலிருந்துதான் ஏறுகிறது. அதே காரணத்துக்காக, கைலியைக் கால் வழியே ஏற்றாமல் தலை வழியே போடுங்கள்.

6. களிம்பு: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

புண் தெரிகிற இடத்தில் மட்டும் போடுவது பொதுவான தவறு. பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற விளிம்பைத் தாண்டி இருக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் வரை தடவுங்கள். ஒரு காலில்தான் தெரிகிறது என்றாலும் இரண்டு பாதத்தின் எல்லா இடுக்கிலும் தடவுங்கள். உள்ளங்கால் முழுக்கப் படர்ந்திருந்தால், ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் வருவது ஓர் அளவு. ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு அளவு வேண்டும். வெள்ளையாகத் தேங்கி நிற்கும்படி அப்பக் கூடாது. இடுக்கில் தேங்கிய களிம்பும் ஈரம்தான்.

டெர்பினாஃபின் களிம்பு விரலிடுக்குக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், உள்ளங்கால் செதிலுக்கு அதற்கு மேலும் ஆகும். க்ளோட்ரிமசோல் மெதுவாக வேலை செய்வது; தினம் இரண்டு வேளை, நாலு வாரம். அரிப்பு மூன்றாம் நாளே நிற்கலாம். அன்றைக்கு நிறுத்தினால் தோலில் மிச்சமிருக்கும் பூஞ்சை அடுத்த மழையில் மறுபடி தலைதூக்கும். தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் ஒன்றிரண்டு வாரம் க்ளோட்ரிமசோலைத் தொடருங்கள்.

களிம்பு போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாலு வாரம் சரியாகப் போட்டும் அசையவில்லை என்றால் ட்யூபை மாற்றி மாற்றி வாங்காமல் டாக்டரிடம் போங்கள். டெர்பினாஃபினுக்கு அசையாத பூஞ்சை இனம் ஒன்று தெற்காசியாவில் பரவியிருக்கிறது; இடுப்பிலும் உடம்பிலும் படர்தாமரையாக வருவது அதன் வழக்கம்.

7. செருப்பும் பூட்ஸும், களிம்பு தொடங்குகிற அதே நாளில்

ரப்பர் செருப்பைச் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து வெயில் வருகிற நேரத்தில் காய வையுங்கள். வெல்வெட் மேல்பட்டை வைத்த செருப்பு ஈரம் குடித்தால் லேசில் காயாது. மழைக்காலத்துக்கு அது வேண்டாம், விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஷூ போடுகிறவர்கள் ஒருநாள் போட்டதை மறுநாள் போடாமல் காய விட்டு, உள்ளே பவுடர் தூவுங்கள். பருத்தி சாக்ஸ் தினம் மாற்றி, 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் துவையுங்கள். மழையில் அரைகுறையாகக் காய்ந்த சாக்ஸை இஸ்திரி போட்ட பிறகே மாட்டுங்கள்.

வயலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று நான் சொன்னதை வைத்து ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி விரியன் நம் வயல்களில் இருக்கிறது, அறுவடையின்போது கடிபடுகிறவர்களும் அதிகம். சேற்றுப்புண்ணை ஆற்றலாம், விரியன் கடி உயிரை எடுக்கும். பூட்ஸ் போடுங்கள், சாப்பாட்டு வேளையில் கழற்றி, காலைத் துடைத்து, சாக்ஸை மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழுவி இரண்டு குச்சியில் தலைகீழாக மாட்டுங்கள். ஒரு பூட்ஸை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவதுதான் கெடுதல்.

8. நகத்துக்குப் பொறுமையும் ஒரு கோடும்

கால்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். கெட்ட நகம் நல்ல நகமாக மாறாது. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து கெட்டதை வெளியே தள்ள வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் இரண்டு மாதத்தில் "மருந்து பிடிக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் தொடங்குகிற அன்று அரத்தின் முனையால் நல்ல நகமும் கெட்ட நகமும் சேருகிற எல்லையில் மெல்லிய ஒரு கோடு கீறுங்கள். ஆழம் வேண்டாம், தெரிந்தால் போதும். மாதம் ஒருமுறை பாருங்கள். கோடு நுனியை நோக்கி நகர, அதற்குப் பின்னால் வருகிற நகம் தெளிவாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. நிறம் கோட்டைத் தாண்டி அடிப்பக்கம் ஏறினால் செய்யவில்லை. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் இந்தக் கோட்டை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மாதாமாதம் பேத்தியோடு உட்கார்ந்து பார்ப்பார். அது நகர்ந்ததைக் கண்ணால் கண்டதால்தான் கடைசி வரை மருந்தை விடாமல் போட்டார்.

நகத்தைக் குளித்த பிறகு, ஊறியிருக்கும்போது நேராக வெட்டுங்கள். தடித்த மேற்பரப்பை அரத்தால் தேய்த்து மெலிதாக்குங்கள். விழுகிற பொடியிலும் பூஞ்சை உண்டு, காகிதத்தில் பிடித்துக் குப்பையில் போடுங்கள். நகத்துக்கடியில் ஊசி விட்டுக் கிளறக் கூடாது.

நுனியில் மட்டும் பிடித்திருந்தால் அமோரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு வாரம் ஒன்றிரண்டு முறை, அல்லது சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் தினமும். அமோரோல்ஃபினுக்குக் கால்நகம் என்றால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். சாதா களிம்பு நகத்தைத் துளைத்துப் போகாது. நகத்தின் அடிவரை போயிருந்தாலோ பல நகங்களில் இருந்தாலோ பூச்சு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். எதைச் செய்தாலும் பாதத்தின் தோலையும் கூடவே ஆற்றுங்கள். அதை விட்டுவிட்டால் நகத்துக்கு மறுபடி அங்கிருந்தே வரும்.

9. மாத்திரைக்கு முன் பரிசோதனை

மாத்திரை தொடங்கும் முன் நகத்தைச் சுரண்டிப் பார்க்கிற பரிசோதனை செய்யுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றே தெரியும். கல்ச்சர், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை, வைத்தால் நாலு வாரம் வரை ஆகலாம். போவதற்கு முன் டாக்டர் சொல்கிறபடி களிம்பையும் பூச்சையும் நிறுத்திவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இருக்கிற பூஞ்சையும் தெரியாமல் போகும். மருதாணி வைத்த நகத்தோடும் போகாதீர்கள்.

பெரியவர்களுக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று; கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். இது டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து. முதலில் ரத்தத்தில் ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். பர்மாவில் ஈரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி நிறையப் பேருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதால் இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மாத்திரை எடுக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், சாப்பாடு பிடிக்காமல் குமட்டினால், உடம்பில் தடிப்பு எழும்பினால் அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். நாக்கில் ருசி போவதும் உண்டு, அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு மருந்து இட்ரகோனசோல். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சிலவற்றோடு சேராது. காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஒமெப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரை போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அது டெர்பினாஃபின், இட்ரகோனசோல் இரண்டின் பலத்தையும் குறைத்துவிடும்.

பொட்டலமாகக் கலந்து கட்டிக் கொடுக்கிற மாத்திரைகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் படிக்க முடிகிற மாத்திரையாக இருக்கட்டும்.

10. வீட்டு மருந்துகள்

மஞ்சளும் மருதாணியும் வேப்பிலையும் நம் பாட்டிகள் கையாண்டவை. புண் இல்லாத தோலில் பூசினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இவற்றை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டாதீர்கள், தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். மண்ணெண்ணெய், ப்ளீச்சிங் தண்ணீர், பேட்டரித் தண்ணீர் எதுவும் காலில் படவே கூடாது.

11. திரும்ப வராமல் இருக்க

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது சாதாரணம். வருஷத்தைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். ஏப்ரலில் திங்யான் தண்ணீர்த் திருவிழாவில் நாள் முழுக்க நனைந்த காலோடு இருப்போம். அன்று மாலையே கழுவி, இடுக்கு வரை துடைத்து, உலர்ந்த செருப்புக்கு மாறுங்கள். மே மாதம் மழை பிடிக்கும் முன் ஒருநாள் வீட்டில் எல்லோர் காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். யாருக்காவது செதில் இருந்தால் அப்போதே தொடங்கினால் நாலு வாரத்தில் முடிந்துவிடும். ஜூலையில் தொடங்கினால் மழை முடியும் வரை இழுக்கும்.

பகோடாவுக்கும் கோயிலுக்கும் வெறுங்காலோடுதான் போக வேண்டும், சாக்ஸும் கூடாது. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. ஈரத் தரையில் நடந்ததும் உடனே ஒட்டிக்கொள்வதில்லை. ஈரத்தோடு மணிக்கணக்கில் விட்டால்தான் பிடிக்கும். பையில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொண்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும் முன் இடுக்குகளைத் துடையுங்கள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன்பே காலைக் காட்டி ஆற்றிக்கொள்ளுங்கள். வெடித்த பாதத்தோடு குழியில் இறங்கினால் தீப்புண்ணோடு கிருமியும் சேரும். சர்க்கரை உள்ளவர்கள் இதை டாக்டரிடம் பேசிவிட்டே முடிவெடுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்குங்கள். குளியலறை வாசலில் எப்போதும் ஈரமாகக் கிடக்கிற சாக்குக் கால்மிதியை எடுத்துவிட்டு, தினம் துவைத்துக் காய வைக்கிற மாதிரி பழைய துணியைப் போடுங்கள்.